பார்சிலோனாவில் கப்பல் ஏறும் முன் எத்தனை ராத்திரி தங்கலாம்?

வலங்கைமான்_வயல் · ஜனவரி 11

அனைவருக்கும் வணக்கம். வரும் சித்திரையில் எனக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் மகன் அதோடு விடவில்லை. மே மாதக் கடைசியில் மத்தியதரைக்கடல் கப்பல் பயணம் ஒன்றுக்கு நாலு பேருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, வாலெட்டா, ஒரு நாள் முழுக்கக் கடல், மறு ஞாயிறு மறுபடி பார்சிலோனா.

மகனும் மருமகளும் கப்பல் கிளம்பும் அன்று காலையில்தான் வந்து சேருவார்கள். அதுவரை நானும் வீட்டுக்காரியும் தனியாகத்தான். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. சிங்கப்பூர்கூடப் பார்த்ததில்லை.

கும்பகோணத்தில் ஒரு டிக்கெட் ஏஜென்ட், "ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினால் போதும், ஓட்டல் செலவு மிச்சம்" என்கிறார். மகன் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறான். எனக்கு இரண்டு ராத்திரியாவது வேண்டும் போல இருக்கிறது. அவளுக்கு முழங்கால் வலி, ரொம்ப நடக்க முடியாது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. உளுந்து எடுத்தாகிவிடும், ஜூன் 12 மேட்டூர் திறப்புக் கணக்கில் அதற்குள் ஊர் திரும்ப வேண்டும். மற்றபடி அவசரம் இல்லை.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு · ஜனவரி 11

அண்ணா, முதலில் அறுபதுக்கு வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ஏஜென்ட் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். நான் அந்தத் தப்பைச் செய்தவன். கப்பல் சாயங்காலம் ஆறு மணிக்கு, விமானம் காலை ஒன்பதுக்கு, நடுவில் ஒன்பது மணி நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். இடையில் மாற வேண்டிய விமானம் தாமதம். நாங்கள் ஓடிப்போய் அடுத்ததைப் பிடித்துவிட்டோம், பெட்டிகள் பிடிக்கவில்லை. நாலு நாள் ஒரே சட்டை. பெட்டி நேப்பிள்ஸில் வந்து சேர்ந்தது. என் மனைவி கப்பலில் நடந்த பெரிய விருந்துக்கு, விமானத்தில் கட்டியிருந்த அதே சுங்குடிச் சேலையில் வந்தாள். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் அந்தச் சேலைதான் முதலில் வெளியே வரும்.

ஆறு மணிக்குக் கப்பல் என்றால் ஆறு மணி வரை ஏறலாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் முன்பே பதிவை மூடிவிடுவார்கள். நம்ம ஊர் மினி பஸ் மாதிரி கை காட்டினால் நிற்காது.

திருச்சி_ஜங்ஷன் · ஜனவரி 11

வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் இல்லை. திருச்சி–துபாய் ஒரு கம்பெனி, துபாய்–பார்சிலோனா இன்னொரு கம்பெனி என்று தனித்தனியாக வாங்கினால் சில சமயம் மலிவாக வரும். வாங்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை, புது டிக்கெட் உங்கள் செலவு. பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா கேட்கும். போகும் வழி முழுக்க ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். சென்னையிலிருந்து தோஹா, துபாய், அபுதாபி எதன் வழியாகவும் ஒரு மாற்றத்தில் பார்சிலோனா போய்விடலாம்.

கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் தாம்பரம், அங்கிருந்து மீனம்பாக்கம் பக்கம்தான். ஆனால் விமானத்துக்கு முந்தின நாள் உழவனில் போங்கள், அதே நாள் வேண்டாம்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லையில் புது முறை தொடங்கிவிட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் கைரேகையும் முகப் படமும் எடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு வரிசையில் நேரம் கூடப் பிடிக்கும். கப்பல் நாளில் அந்த வரிசையில் நின்றுகொண்டு கடிகாரம் பார்க்க வேண்டாம்.

மன்னை_மருமகள் · ஜனவரி 12

வணக்கம் மாமா. மன்னார்குடிதான் சொந்த ஊர், ஒன்பது வருஷமாக பார்சிலோனாவில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

முதலில் விசா. எத்தனை ராத்திரி என்ற கேள்விக்கும் விசாவுக்கும் சம்பந்தம் இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நாள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. உங்கள் கப்பல் ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா என்று இத்தாலியில் மட்டும் மூன்று நாள் நிற்கிறது. ஏஜென்ட் சொன்னபடி ஞாயிறு காலை இறங்கினால் ஸ்பெயினில் போகும் ஞாயிறு, வரும் ஞாயிறு என்று இரண்டே நாள். அப்போது கணக்குப்படி இத்தாலி. வெள்ளிக்கிழமையே வந்து இரண்டு ராத்திரி தங்கினால் வெள்ளி, சனி, ஞாயிறு, திரும்பும் ஞாயிறு, ஸ்பெயினுக்கு நாலு நாள். அப்போது ஸ்பெயின். ஆகவே ராத்திரியை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் விசா படிவத்தைத் தொட வேண்டும். உங்கள் துறைமுகங்கள் எல்லாமே, மால்டாவின் வாலெட்டா உட்பட, ஷெங்கனுக்குள்தான். ஆனாலும் பல முறை நுழையும் விசாவாகவே கேளுங்கள். சில கப்பல்கள் துனிஸ், துருக்கி என்று வெளியே போய்வரும். அப்படிப் போனால் ஒரு முறை விசாவோடு திரும்ப நுழைய முடியாது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கிளம்பப் பதினைந்து நாள்கூட இல்லாத நேரத்தில் போனால் வாங்க மாட்டார்கள். கோடையில் சென்னையில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இப்போதே பாருங்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

இரண்டாவது, தங்குமிடம். படத்தில் பார்த்து பழைய கோதிக் பகுதியில் போட்டுவிடாதீர்கள். அழகான சந்துகள்தான், ஆனால் பல இடத்தில் கார் வாசல் வரை வராது. கருங்கல் தரையில் பெட்டியை உருட்ட வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி என்றால் அய்சாம்ப்ளா என்ற பகுதியில் பாருங்கள். 1859ல் செர்தா என்ற பொறியாளர் போட்ட திட்டம், சதுரங்கப் பலகை மாதிரி நேர் தெருக்கள், அகலமான நடைபாதை. பாசேய்ச் டி கிராசியா தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி எடுத்தால் எல்லாம் பக்கம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இங்கே பழைய கட்டடங்களில் "முதல் மாடி" என்றால் முதல் மாடி இல்லை. தரைத்தளத்துக்கு மேலே என்ட்ரசோல் என்று ஒன்று, அதற்கு மேலே பிரின்சிபால் என்று ஒன்று, அதற்கும் மேலேதான் ஒன்று. என் மாமியார் முதல் தடவை வந்தபோது "முதல் மாடிதானே, லிஃப்ட் எதுக்கு" என்று ஏற ஆரம்பித்து, மூன்றாவது திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பற்றி அப்புறம் எழுதுகிறேன், குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரணும்.

குத்தாலம்_ரயிலடி · ஜனவரி 12

இரண்டு ராத்திரி இருந்தால் முழு ஊரையும் முடித்துவிடலாம் சார். முதல் நாள் சக்ராதா பமிலியா, பார்க் குவெல், காசா பாட்யோ, லா பெத்ரேரா, மாலை ரம்ப்லா தெரு, பொகேரியா சந்தை. இரண்டாம் நாள் காலை மொன்செராட் மலை, மதியம் கால்பந்து மைதானம், மாலை மொன்ஜுயிக், ராத்திரி கடற்கரை. நான் அப்படித்தான் திட்டம் போட்டேன்.

தாராசுரம்_தறி · ஜனவரி 12

போட்டீர்கள் சரி, முடித்தீர்களா?

குத்தாலம்_ரயிலடி · ஜனவரி 12

பார்க் குவெல்லில் ஏறும்போது செருப்பு அறுந்துவிட்டது. அதோடு மீதி நின்றது.

தாராசுரம்_தறி · ஜனவரி 13

அதுதான். கும்பகோணத்துக்கு முதல் தடவை வருகிற ஆள் ஒரே நாளில் கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சுவாமிமலை, தாராசுரம், பட்டீஸ்வரம், திருநாகேஸ்வரம் எல்லாம் முடித்தேன் என்பார். எங்கள் கோயிலில் யாளி எங்கே இருந்தது என்று கேட்டால் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய விஷயம் போதும். மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கலாம்.

அந்த ஒன்று எது என்று கேட்டால், சக்ராதா பமிலியா தேவாலயம். "நாங்களே கோயில் ஊர்க்காரர்கள், அங்கே போயும் கோயிலா" என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பெரிய கோயில் ராஜராஜன் காலத்திலேயே 1010ல் முடிந்துவிட்டது. இது 1882ல் தொடங்கி இன்னமும் நடக்கிறது. அடுத்த வருஷம் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் காவுதி, 1926ல் டிராம் மோதி இறந்தார். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நடுக் கோபுரம் 172.5 மீட்டர் கணக்கு. 2025 அக்டோபரிலேயே ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தைத் தாண்டி உலகிலேயே உயரமான தேவாலயமாகிவிட்டது. நம் பெரிய கோயில் விமானத்தை இரண்டு தடவை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் அதற்குக் கீழேதான் நிற்கும். உயரத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர்க்காரன் நான், சொல்லத்தான் வேண்டும்.

உயரத்துக்காகப் போகச் சொல்லவில்லை. தறிக்காரன் கண்ணுக்கு அங்கே இருப்பது வண்ணம். உள்ளே தூண்கள் மரம் மாதிரி மேலே போய்க் கிளைவிடும். கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலம், பச்சை. மேற்குப் பக்கம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. காலையில் போனால் தரையெல்லாம் குளத்துத் தண்ணீர் நிறம். சாயங்காலம் போனால் தூண் மேலே அந்த ஆரஞ்சு விழுந்து, சாயம் தோய்த்து இன்னும் ஈரம் காயாத பட்டு நூல் மாதிரி இருக்கும். மே கடைசியில் அங்கே சூரியன் மறைய ராத்திரி ஒன்பது ஆகும். ஆகவே சாயங்கால நேரத்துக்கு டிக்கெட் எடுங்கள். டிக்கெட் முழுக்க முன்பதிவுதான், இணையத்தில் நேரம் குறித்து வாங்க வேண்டும். வாசலில் போய் நின்றால் அன்றைக்குக் கிடைக்காது.

கோபுரத்தில் ஏறும் டிக்கெட் தனி. லிஃப்டில் மேலே போகலாம், இறங்குவது சுருள் படி. அக்காவுக்கு வேண்டாம்.

மன்னை_மருமகள் · ஜனவரி 13

தறி அண்ணா சொன்னது சரி. பார்க் குவெல் மேட்டில் இருக்கிறது, அத்தைக்கு ஆகாது. அதற்குப் பதில் பழைய கதீட்ரலுக்குப் போங்கள். உள் முற்றத்தில் பதின்மூன்று வெள்ளை வாத்துகள் வளர்க்கிறார்கள். அந்த ஊர் தெய்வம் சாந்தா எவுலாலியா பதின்மூன்று வயதில் உயிர்விட்டவள், அந்தக் கணக்கு. தோளும் முட்டியும் மூடிய உடையோடு போகணும். அத்தைக்கு அந்தக் கவலை இல்லை, மாமா அரைக்கால் சட்டை வாங்கியிருந்தால் மட்டும் யோசிக்கணும்.

கொஞ்சம் தெம்பு இருந்தால் எஸ்பான்யா சதுக்கத்தில் 150ம் நம்பர் பஸ் ஏறுங்கள், மொன்ஜுயிக் கோட்டை வரை உட்கார்ந்தபடியே போகும். மேலிருந்து பார்த்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் தெரியும்.

சாப்பாடு. இங்கே "சைவம்" என்று சொன்னால், மாட்டிறைச்சி இல்லை என்று புரிந்துகொண்டு மேலே பன்றித் துண்டைத் தூவிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹாமோன் அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது போல! ஒவ்வொன்றாகச் சொல்லணும்: "சின் கார்னே, சின் ஹாமோன், சின் பெஸ்காதோ, சின் உவேவோ." கறி, பன்றி, மீன், முட்டை இல்லாமல். ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு காட்டிவிடுங்கள், வாய் வலிக்காது. தைரியமாகச் சாப்பிடக்கூடியது தக்காளி தேய்த்த ரொட்டி, உருளைக்கிழங்கு பதாதாஸ் பிராவாஸ் (மேலே ஊற்றும் வெள்ளைக் குழம்பில் முட்டை இருக்கும், வேண்டாம் என்று சொல்லணும்), சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா. தோர்த்தியா என்றால் முட்டை.

ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிடும் பழக்கம் என்றால் பட்டினிதான். பல ஓட்டல்களில் சமையலறை மதியம் நாலு மணிக்கு மூடி எட்டரைக்குத்தான் திறக்கும். ஆகவே ஒரு வழி சொல்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் வெந்த வெள்ளைச் சாதம் சின்ன சின்ன கிண்ணத்தில் விற்கும், மைக்ரோவேவில் ஒரு நிமிஷம். பக்கத்திலேயே இனிப்பில்லாத தயிர். ஊறுகாய் உங்கள் பெட்டியில் இருக்கும். மைக்ரோவேவ் உள்ள அறையாகப் பாருங்கள், அவ்வளவுதான். ராவால் பகுதியில் பாகிஸ்தானி, வங்கதேசத்து மளிகைக் கடைகள் வரிசையாக உண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி கிடைக்கும்.

வாங்குவதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் கிடையாது, பொகேரியா சந்தையும் கிடையாது.

வலங்கைமான்_வயல் · ஜனவரி 13

அம்மாடி, கண்ணில் ஒத்திக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். வீட்டில் படித்துக் காட்டினேன். "முதலில் காபி கிடைக்குமா கேளுங்க" என்கிறாள்.

மன்னை_மருமகள் · ஜனவரி 13

கோர்த்தாடோ என்று கேளுங்கள் மாமா. சின்னக் கண்ணாடி டம்ளரில் டிகாஷனும் பாலும் பாதிக்குப் பாதி. கும்பகோணம் டிகிரி காபி இல்லை, ஆனால் அத்தை முகம் சுளிக்க மாட்டார். சர்க்கரையைக் கூட ஒன்று போட்டால் இன்னும் சேஃப்.

நாகை_கடலோடி · ஜனவரி 14

நான் பதினோரு வருஷம் பயணிகள் கப்பலில் அறை சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தவன். இப்போது ஊரில் கடை வைத்திருக்கிறேன். கப்பல் பக்கத்துச் சமாசாரம் மட்டும்.

கப்பல் ஏறும் நாளில் பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். எத்தனை பேர் பாஸ்போர்ட்டை அதற்குள் வைத்துக் கொடுத்துவிட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி, இவை கைப்பையில்.

எலக்ட்ரிக் குக்கர், கெட்டில், தண்ணீர் சுட வைக்கும் கம்பி, இஸ்திரிப் பெட்டி எதுவும் கப்பலில் விட மாட்டார்கள். தீ பயம். ஸ்கேனில் பிடித்து, பெயர் எழுதி, கடைசி நாள் வரை பூட்டி வைத்துவிடுவார்கள். நம் ஆட்கள் பெட்டியில்தான் இது அதிகம் கிடைக்கும், சிரிக்காமல் சொல்கிறேன். சமையலுக்குச் சாமான் கொண்டுபோகவே வேண்டாம். சைவச் சாப்பாடு வேண்டும் என்று இப்போதே கம்பெனிக்கு எழுதச் சொல்லுங்கள், முதல் ராத்திரி சாப்பாட்டு மேசையிலும் ஒரு தடவை சொல்லுங்கள்.

ஐரோப்பாவுக்குள் பால் சேர்ந்த பொருள், இறைச்சிப் பொருள் வெளியிலிருந்து கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய் பாட்டில், பால்கோவா வீட்டிலேயே இருக்கட்டும். கறிவேப்பிலையும் ஆகாது, சான்றிதழ் இல்லாத இலை, காய், பழம் எதுவும் ஆகாது. அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. தேங்காயை விட்டு கறிவேப்பிலையைத் தடுத்தால் சட்னிக்கு என்ன தாளிக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய் போதும், தாராளமாகப் போகும்.

பார்சிலோனாவில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மோல் அதோசாட் என்ற நீள மேடையில் கட்டும். கொலம்பஸ் சிலையிலிருந்து பார்த்தால் பக்கத்தில் தெரியும், பெட்டியோடு நடக்கக் கூடிய தூரம் இல்லை. சிலையிடமிருந்து துறைமுக பஸ் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு டாக்சிதான். கறுப்பு-மஞ்சள் வண்டி. எந்த டெர்மினல் என்று எழுத்து ஒன்று இருக்கும், ஏ, பி, சி என்று. அதை டிரைவரிடம் காட்டணும், கப்பல் பெயர் மட்டும் சொன்னால் தப்பான வாசலில் விட்டுவிடுவார்.

குத்தாலம்_ரயிலடி · ஜனவரி 14

கடலோடி அண்ணன், ஒரு சந்தேகம். என் அக்கா குடும்பம் "ரோம்" என்று போட்ட கப்பலில் செப்டம்பரில் ஏறுகிறார்கள். இதே மாதிரிதானா?

நாகை_கடலோடி · ஜனவரி 14

இல்லை தம்பி, அங்கேதான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். ரோமில் கப்பல் வராது. வருவது சிவிதவேக்கியா. தஞ்சாவூருக்கும் நாகைக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள். ரோம் தெர்மினி ஸ்டேஷனிலிருந்து சாதா ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இறங்கி மறுபடி துறைமுக பஸ். கப்பலில் காலையில் அல்ல, மதியம்தான் ஏற விடுவார்கள், ஆகவே ரோமிலேயே தங்கிவிட்டு அன்றைக்குக் காலை நிதானமாகப் போகலாம். சனி ராத்திரி தங்கி ஞாயிறு வாட்டிகன் மியூசியம் என்று திட்டம் போடாதே. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறு பூட்டியிருக்கும்.

"வெனிஸ்" என்று போட்டிருந்தால் இன்னும் கவனம். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பலை ஊருக்கு முன்னால் இருக்கும் கால்வாயில் விடுவதில்லை. மார்கேராவிலோ, ரவென்னாவிலோ, திரியெஸ்தேயிலோ ஏற வேண்டியிருக்கும். விளம்பரத்தில் ஊர் பெயரை நம்பாமல், டிக்கெட்டில் துறைமுகத்தின் பெயரைப் படிக்கணும்.

அரசலாறு · ஜனவரி 15

ஜேப்படி பற்றி யாரும் சொல்லவில்லையே. ரம்ப்லா தெருவும் மெட்ரோவும்தான் அவர்கள் கழனி. மேஜைமேல் போனை வைக்காதீர்கள். "உங்கள் சட்டையில் ஏதோ கொட்டியிருக்கிறது" என்று துடைக்க வந்தால் நன்றி சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள். அவசரத்துக்கு 112.

வலங்கைமான்_வயல் · பிப்ரவரி 20

முன்னேற்றம் சொல்ல வந்தேன். இரண்டு ராத்திரி என்று முடிவு, வெள்ளி மதியம் இறங்குகிறோம், சென்னையிலிருந்து ஒரே டிக்கெட். மன்னை மருமகள் சொன்ன கணக்கை மகனிடம் காட்டினேன், அவன் அதுவரை இத்தாலிக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான்! மாற்றி ஸ்பெயினுக்குக் கொடுத்தோம்.

வருமானத்துக்கு என்ன காட்டுவது என்று குழம்பினேன், சம்பளச் சீட்டு ஏது நமக்கு? சிட்டா, அடங்கல் எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நெல் கொள்முதல் ரசீது, ஆறு மாத பாங்க் கணக்கு, மகனுடைய அழைப்புக் கடிதம் எல்லாம் வைத்தோம். கவுன்டரில் இருந்த பெண் அடங்கலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார்?" என்றாள். "நாலு ஏக்கர் அம்மா" என்றேன்.

வலங்கைமான்_வயல் · மார்ச் 14

விசா வந்துவிட்டது. பல முறை என்றே போட்டிருக்கிறது.

தாராசுரம்_தறி · மார்ச் 14

சக்ராதா டிக்கெட்டை உடனே போடுங்கள் அண்ணா. சனிக்கிழமை சாயங்காலம்.

வலங்கைமான்_வயல் · மே 25

மார்செய் துறைமுகத்திலிருந்து எழுதுகிறேன். மகனும் மருமகளும் ஊர் சுற்றப் போயிருக்கிறார்கள், நாங்கள் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளி மதியம் இறங்கி, கைரேகை வரிசையில் ஒன்றேகால் மணி நேரம். அரசலாறு தம்பி, அந்த வரிசையில் உங்களை நினைத்துக்கொண்டேன். பெட்டி வந்துவிட்டது. ஓட்டல் அய்சாம்ப்ளாவில், லிஃப்ட் ஒரு ஆள் அகலம். நானும் பெட்டியும் ஒரு தடவை, அவள் ஒரு தடவை. அன்றைக்கு எங்கேயும் போகவில்லை. தூங்கி எழுந்து ராத்திரி எட்டரைக்கு ஜன்னலைத் திறந்தால் வெளியே பட்டப் பகல், குழந்தைகள் விளையாடுகின்றன. அவள் பதறிப்போய், "விடிஞ்சிடுச்சா?" என்றாள்.

கீழே கடைக்குப் போய்க் கிண்ணச் சாதம் நாலு, தயிர் நாலு வாங்கி வந்தேன். அந்த அரிசி குண்டு குண்டாக, லேசாக ஒட்டும், தயிர்ச் சாதத்துக்கு என்றே செய்த மாதிரி. ஓட்டல் கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டிக் கரண்டியால் மசித்து, நாரத்தங்காயைப் பிய்த்துப் போட்டாள். முதல் வாய் வைத்துவிட்டு, "கொஞ்சம் உப்பு கம்மி" என்றாள். அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

சனி காலை வாத்துகளைப் பார்த்தோம். பதின்மூன்றும் இருக்கிறதா என்று மூன்று தடவை எண்ணினாள். ஒன்று மட்டும் கோழிக்கூடு மாதிரி ஏதோ ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, அது வரும் வரை நகரவில்லை. ரம்ப்லா தொடக்கத்தில் கனலேதாஸ் என்று ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அதில் குடித்தவர் மறுபடி அந்த ஊருக்கு வருவாராம். காவிரித் தண்ணீர் குடித்தவளுக்கு இது எதற்கு என்று அவள் தொடவில்லை. நான் இரண்டு கை குடித்தேன்.

மதியம் அறைக்கு வந்து படுத்துவிட்டோம். மொன்ஜுயிக் போகவில்லை. மன்னை மருமகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சாயங்காலம் அந்தக் கோயில். தறி, நீங்கள் ஈரப் பட்டு நூல் என்று எழுதியது எனக்கு அப்போது புரியவில்லை. அவளுக்கு முழங்கால் வலி, உள்ளே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தே இருந்தாள். மேற்குப் பக்கத்து வெளிச்சம் மெதுவாக நகர்ந்து வந்து அவள் சேலை முந்தானையில் விழுந்தது. மாம்பழ நிறச் சேலை, சிவப்பாகிவிட்டது. "இன்னும் கட்டி முடிக்கலையாமே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ கும்பாபிஷேகம் எப்போ?" 2010ல் போப் வந்து அர்ச்சித்துவிட்டார் என்று கையில் இருந்த தாளைப் பார்த்துச் சொன்னேன். "முடிக்காமலேவா?" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டாள்.

ஞாயிறு காலை ஒரு தப்பு செய்தேன். கப்பலுக்கு எலுமிச்சை நாலு வாங்கலாம் என்று கிளம்பிவிட்டேன். ஒரு கடை திறக்கவில்லை. எழுதியிருந்ததைப் படித்தும் மறந்துவிட்டேன். கூட்டமே இல்லாத தெருவில் ஒரு பையன், "சார், உங்க முதுகில்..." என்று ஆரம்பித்தான். நான் தமிழில் என்னமோ சத்தமாகச் சொன்னேன், ஓடிவிட்டான். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

டெர்மினல் எழுத்தை டிரைவரிடம் காட்டினோம், சரியாக இறக்கினார். மாத்திரை எல்லாம் கைப்பையில். ஆனால் எங்கள் மருமகள் பெட்டியில் ஒரு குட்டிக் கெட்டில் வைத்திருந்தாளாம், சொல்லவே இல்லை. ராத்திரி அழைத்துக் கையெழுத்து வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

நாகை_கடலோடி · மே 25

கடைசி நாள் காலையில் அந்தச் சீட்டைக் காட்டினால் திரும்பக் கொடுப்பார்கள் அண்ணா. மறந்துவிடாதீர்கள், நிறைய பேர் விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

வலங்கைமான்_வயல் · மே 25

சரி. அரசலாறு தம்பி, ஊரில் மழை உண்டா? நாற்றங்காலுக்கு டிராக்டர் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அவன் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். அந்தப் பக்கம் போனால் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.